அளவு சரியா இருக்கா?

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் பழைய படம் போட்டார்கள். காலேஜில் படிக்கும்போது நான் மூன்று தடவை பார்த்த படம். டெய்லராக வரும் காமெடியன், கடைக்கு வரும் பெண்களை மேலும் கீழும் பார்த்து, "அளவு சரியா இருக்கா?" என்று இழுப்பான். அன்று தியேட்டரே விசிலில் அதிர்ந்தது. இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் ஞாபகம்தான் வந்தது.

அந்தப் படம் ஓடிய சமயம் நீ காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில், ஜாக்கெட் துணிப் பக்கம் நின்றாய். அடுத்து பட்டுப் பிரிவு உனக்குத்தான் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். திடீரென்று வேலையை விட்டாய். நின்று நின்று கால் வலிக்கிறது என்றாய். நாங்கள் நம்பினோமா? இல்லை, நம்புவது வசதியாக இருந்ததா?

படம் பார்த்ததிலிருந்து, கடையில் யாராவது உன்னை அப்படிக் கேட்டிருப்பார்களோ என்ற சந்தேகம் அரித்தது. உன்னோடு வேலை பார்த்த கமலா அக்காவைத் தேடி அரியக்குடிக்குப் போனேன்.

"கால் வலியா? படம் வந்ததுலருந்து கடைப் பயலுக அவளப் பாத்து அதையேதான் கேட்டானுக. மேனேஜர்ட்டச் சொன்னோம். அவுகளும் சிரிச்சாக."

"அதனாலதான் விட்டுச்சா?"

"அதையெல்லாம் தாங்கிக்கிட்டா. வீட்டுல நீங்களும் கேட்டீகளாமே? மறுநா வந்து அழுதா. இனி எங்குட்டுப் போறதுன்னா. அத்தோட நின்னுட்டா."

கடைக்காரர்களைச் சந்தேகப்பட்டுப் போனவன் நான்.

எனக்கு அந்த நாள் ஞாபகமிருக்கிறது. நீ தீபாவளிக்கு எடுத்து வந்த சட்டையை மாட்டிக்கொண்டு, டெய்லர் மாதிரியே உன்னைக் கேட்டேன். அப்பா சிரித்தார். நீயும் சிரித்ததாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நிஜமாகவே சிரித்தாயா அக்கா?

நேற்று நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தன் அதே காட்சியை அனுப்பினான். 'இந்த வசனத்தாலதான் எங்க அக்கா வேலையை விட்டுச்சு. கடைசியாக் கேட்டது நான்' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை என் மகள் சிவகங்கையில் வேலைக்குச் சேர்கிறாள். "அத்தை ஏம்ப்பா வேலைய விட்டாங்க?" என்று கேட்டாள். கால் வலி என்ற பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், புதிதாக யாரையோ பார்ப்பதுபோல.

அப்படியே பார்க்கட்டும். இனி யார் கேட்டாலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன்னிடம் ஒரு தடவைகூடக் காரணம் கேட்காத
உன் தம்பி