கூப்பிட்டும் பின்னால் போகாதவர்கள்

இஞ்சருங்கோ,

இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் உங்களை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் என்ன புதுப் பழக்கம்? உங்கள் நினைவு நாளுக்குப் பேப்பரில் படத்தைப் போட்டு, கீழே நாலு வரிக் கவிதையும் போடுவோமா என்று என் தம்பி கேட்டான். வேண்டாமென்றேன். கவிதை என்றால் உங்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் வாசித்தால் வாசிக்கட்டும், வெட்கப்படுகிற வயதெல்லாம் போய்விட்டது.

காலையில் உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம். விடத்தல்தீவில் எல்லாரும் சுகம். சண்டை முடிந்து நாங்கள் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கூரையில்லாமல் நின்ற வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று. நீங்கள் நட்ட முருங்கை காற்றுக்குச் சரிந்து கிடந்தபடியே காய்க்கிறது. உங்கள் படகைத் தம்பிதான் கொண்டுபோகிறான். மீன் பிடிப்பதைவிடக் கதை பிடிப்பதுதான் அதிகம்.

நான் எழுத வந்தது நம் கொன்சியைப் பற்றி. உங்கள் மகள் கொழும்பில் மரதன் ஓடினாள்.

முகாமில் தண்ணீர் பவுசர் வரும் சத்தம் கேட்டால் வாளியோடு முதல் ஆளாக ஓடுகிறவள் அவள். பிறகு ஊருக்கு வந்து, பள்ளிக்கூட மைதானத்தில் ஓடினாள். கடலால் வந்த கோலத்தோடு நீங்கள் வேலியோரம் நின்று கத்துவீர்கள், அவள் வெட்கத்தில் இன்னும் வேகமாக ஓடுவாள். மரதன் என்று அவள் முதன்முதலாகச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா?

"மடுக் கோயிலுக்குப் போற தூரம் வருமோ பிள்ளை?"

"அதைவிடக் கூட அப்பா."

"அப்ப மாதாவே பஸ்ஸிலை வா எண்டு சொல்லுவா."

அந்தச் சிரிப்போடு நீங்கள் இருந்திருக்கலாம். அவள் ஓடிய அன்று நீங்கள் இல்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

எங்களைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவளுடைய விளையாட்டு ஆசிரியர் நாதன் சேர். முதல் மூன்று பேருக்குள் வந்தால் தேசிய அணியில் பயிற்சிக்கு எடுப்பார்கள் என்றார். ஆனால் நாட்டிலேயே பேர்போன மூன்று பெண்கள் அன்று ஓடினார்கள், மூவரும் ஆமி, அதுதான் இராணுவ அணி. "அவையளை விட்டு முன்னுக்குப் போகாதை. அவையளோட ஒட்டிக்கொண்டே ஓடு, கடைசியிலை பாப்பம்" என்று சேர் படித்துப் படித்துச் சொன்னார். அவளும் தலையை ஆட்டினாள். உங்கள் மகள் தலையை ஆட்டினால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியாததா?

காலிமுகத்திடல் பக்கம் கடலோர றோட்டில் நானும் சேரும் நின்றோம். அந்த வழியாக அவர்கள் இரண்டு தரம் வருவார்கள். முதல் தரம் பொலிஸ் மோட்டார் சைக்கிள் வந்தது, அதற்குப் பின்னால் மெலிந்த ஒரு பெட்டை தன்னந்தனியாக வந்தாள். யாரோ பெரிய ஓட்டக்காரி என்றுதான் நான் நினைத்தேன். கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது, அது எங்கள் கொன்சி. பேர்போன மூவரும் எங்கேயோ பின்னால் ஒரு கொத்தாக வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற சிங்கள அம்மாவிடம் "மகே துவ, மகே துவ" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த சிங்களமே அவ்வளவுதான், என் மகள் என்று சொல்ல அது போதும். அந்த மனுசியும் என்னோடு சேர்ந்து கைதட்டினாள்.

சேர் மட்டும் தலையில் கை வைத்தார். "ஐயோ அம்மா, இந்த வேகம் கடைசிமட்டும் தாங்காது."

எனக்கு அவள் ஓட்டம் புதிதாகத் தெரியவில்லை. நீங்கள் கடலுக்குப் போவதும் அப்படித்தானே? காற்று எழும்ப முதல் போய்ச் சேரவேண்டும் என்று உள்ள பலத்தையெல்லாம் முதலிலேயே போட்டுவிடுவீர்கள். அவளும் சோளகம் வீசும் காலத்தில் வெயில் ஏறிக் காற்றுக் கிளம்ப முதல் பள்ளமடுச் சந்தி வரைக்கும் ஓடித் திரும்பிப் பழகினவள். கூட ஓட இந்த ஊரில் யார் இருந்தார்கள்? நாய்தான்.

இரண்டாம் தரம் வரும்போது கடற்காற்று நன்றாக எழும்பிவிட்டது. அப்போதும் அவள்தான் முன்னால். ஆனால் தோள் தொய்ந்து வாய் திறந்திருந்தது. அந்த மூவரும் ஒருவர் பின்னால் ஒருவராக நெருங்கிவிட்டார்கள். முன்னால் ஓடுகிறவள் எதிர்க்காற்றைத் தன் மேல் வாங்கிக்கொள்வாளாம், பின்னால் வருகிறவர்களுக்குக் களைப்புக் குறையுமாம், பிறகு அடுத்தவள் முன்னுக்கு வருவாளாம். சேர்தான் விளக்கினார். என் கண்ணுக்கு முன்னாலேயே மூவரும் அவளை முந்தினார்கள். அதில் உயரமான பெண் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்து, பின்னால் வா என்று கையைக் காட்டினாள். ஒரு தரமில்லை, மூன்று நாலு தரம். கொன்சி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு றோட்டின் மற்றக் கரைக்கு ஒதுங்கித் தனியே ஓடினாள்.

பிறகு இன்னும் சிலரும் அவளை முந்திவிட்டார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டி, குடித்த தண்ணீரையெல்லாம் சத்தி எடுத்துவிட்டு நிலத்தில் இருந்தாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் உங்களை எவ்வளவு தேடினேன் தெரியுமா?

பஸ்ஸில் வரும்போதுதான் கேட்டேன்.

"அவ கூப்பிட்டவ எல்லே? ஏன் போகேல்லை? ஆமிப்பிள்ளை எண்டதாலயோ?"

"இல்லையம்மா. அவவுக்கும் என்னைப் போலத்தானே கால் நோகும்."

"பின்னை என்ன?"

"ஆக்கள் காத்தை வெட்டிக்கொண்டு போக, நான் பின்னால ஒளிச்சு ஓடுறதோ? அது களவு. அப்பா சொல்லுறவர் எல்லே?"

முன் இருக்கையில் இருந்த நாதன் சேர் வயல் பக்கத்து ஆள், கடல் தெரியாது. அவருக்கு இது விளங்கவில்லை, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இன்னொருவன் படகின் பின்னால் போய், அவன் தேடிக் கண்ட இடத்தில் வலை போடுவது எங்கள் கரையில் களவு. வெறும் படகோடு வந்தாலும் வருவேன், ஒருவன் பின்னால் போகமாட்டேன் என்று சோற்றுக் கோப்பையின் முன்னால் இருந்து எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்? பிள்ளை அதைக் கடலுக்கு மட்டும் என்று எடுக்கவில்லை.

போன மாதம் அந்த உயரமான பெண் சேருக்குப் போன் எடுத்தாளாம். கொன்சி தங்களோடு வந்து பயிற்சி செய்யட்டும், தங்க இடமும் பார்த்துத் தருகிறோம் என்றாளாம். உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளுக்குள் ஏதோ இடறத்தான் செய்தது. அந்த உடுப்பைக் கண்டு நாங்கள் ஓடின ஓட்டம் கொஞ்சமா? ஆனாலும் போகட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். அவள் மாட்டேன் என்கிறாள். சேர் சொன்னார், பாதர் சொன்னார், தம்பி கத்தினான். அப்பாவின் சொல் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். இந்த மாதத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

உங்களில் எனக்குக் கோபம். சொல்லை விட்டுவிட்டுப் போனீர்கள், அதன் மிச்சத்தையும் அவளுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

மிச்சம் எனக்கு மட்டும்தான் தெரியும். மீள்குடியேறிய முதல் வருடம். கடலை விட்டுப் பல வருடம், மணல் திட்டெல்லாம் இடம் மாறிக் கிடந்தது. ஊர் முஸ்லிம்களோடு துரத்தப்பட்டுப் புத்தளம் போய், நமக்கு முதலே திரும்பி வந்திருந்த காசீம் நானா தன் படகில் எழுந்து நின்று, பின்னால வாங்கோ என்று கை காட்டினார். நீங்கள் மற்றப் பக்கம் திருப்பினீர்கள். படகைத் திட்டில் ஏற்றி, இரவல் வலையையும் கிழித்துக்கொண்டு வந்தீர்கள். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் மன்னார் ஆஸ்பத்திரியில் வைத்து என்னிடம் சொன்னீர்கள். "காசீம் கூப்பிட்டவர். கூப்பிட்ட மனிசனுக்குப் பின்னால போறது களவில்லை. எனக்கு அண்டைக்கு அது விளங்கேல்லை. போயிருக்கலாம்." பிறகு, "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும். அப்பா பிழை விட்டவர் எண்டு நினைப்பாள்" என்றீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஓம் என்றேன்.

உங்கள் செத்தவீட்டுக்குக் காசீம் நானா வந்து படலையடியில் நின்றார். உள்ளுக்கு வாங்கோ என்று நான் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். உங்கள் முகத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உங்களுக்குள் பேசாமல் போனது எவ்வளவு இருந்ததோ, யார் கண்டார்?

இப்போது கொன்சி ஓடப் போயிருக்கிறாள், வழக்கம்போலத் தனியாகத்தான். வந்ததும் பக்கத்தில் இருத்தி எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறத்தான் போகிறேன். அவள் அழுவாள். உங்களோடு கோபிப்பாள், என்னோடு இன்னும் கூடக் கோபிப்பாள். அதன் பிறகும் போகாமல் விட்டால் அது அவள் விருப்பம். ஆனால் நீங்கள் போயிருக்கலாம் என்று சொன்னதை அறியாமல் என் பிள்ளை இனி ஒரு நாளும் தனியே காற்றில் ஓடமாட்டாள். இது நான் உங்களுக்குத் தருகிற புது வாக்கு.

கோபித்தால் கோபித்துக்கொள்ளுங்கோ. நான் அங்கே வரும்போது சமாதானம் செய்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை முதல் தரம் தட்டுகிற
கொன்சியின் அம்மா