ஒன்று புள்ளி எட்டு

யசோதோன்,
மழை ஓயப்போகும் மாதம்.

அன்பு மகள் பிம்முக்கு,

அப்பா புன்லாய் எழுதுவது. பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் படி. நான் நாலாம் வகுப்போடு நின்றவன், அதிலும் இரண்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். இங்கே நான், உன் அம்மா, எருமை மூவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எருமைக்கு அதுவும் இல்லை. தைவானில் குளிர் ஆரம்பித்துவிட்டதாம், தொழிற்சாலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிந்ததும் "சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட" என்பதோடு என் வாய் நின்றுவிடுகிறது. உனக்கே தெரியும்.

கார் ஸ்பீக்கர் கடை தோங் உன்னை வயரிங் வேலைக்குக் கூப்பிட்டதை அம்மா சொன்னாள். நீ சொன்ன பதிலையும் சொன்னாள். "அந்த வேலை என் கைக்கு வராதும்மா, அன்னைக்கு ஸ்பீக்கர் போட்டியிலயே தெரிஞ்சுபோச்சு. மாசக் கடைசியில இங்கயே இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். அந்த ஸ்பீக்கர் பெட்டியை யாருக்காவது குடுத்துடுங்க." அம்மா இதைச் சொல்லிவிட்டு ஒட்டும் சோற்றுக் கூடையை மூடவே மறந்துவிட்டாள். கோழி பாதியைத் தின்றது.

அன்றைக்கே வீட்டைத் தாங்கும் தூண்களுக்கு நடுவே நிற்கிற உன் பிக்கப் வண்டியின் தார்ப்பாயை எடுத்தேன். இரண்டு வருஷத் தூசி. வண்டியில் இருக்கிற பெட்டியின் பக்கவாட்டில் நீ வெள்ளை மையால் எழுதிய "1.8" மட்டும் பளிச்சென்று இருந்தது. ஊஃபர் என்கிற அந்தப் பெரிய ஸ்பீக்கருக்குள் இரண்டு காயில், அதாவது கம்பிச்சுருள், இருக்கிறது, இரண்டும் சேர்ந்து உழைத்தால் மீட்டர் ஒன்று புள்ளி எட்டு ஓம் காட்டும் என்று எனக்கு ஒருநாள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். பாதி புரிந்தது. அது எந்தப் பாதி என்று இன்றுவரை தெரியவில்லை.

பம்பு ரிப்பேர் கம்போன் தன் மீட்டரோடு வந்தான். மீட்டர் கம்பிகளைப் பெட்டியின் முனைகளில் வைத்ததும் மூன்று புள்ளி ஆறு. "சரியா ரெண்டு மடங்கு காட்டுதுடா. ஒரு காயில் மட்டும் வேலை செஞ்சா இப்படித்தான் காட்டும். இன்னொண்ணு செத்துப்போச்சு" என்றான். பிறகு முனை அழுக்கு என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். அதே மூன்று புள்ளி ஆறு. மறுநாள் மீட்டருக்குப் புது பேட்டரி வாங்கிவந்தான். அப்போதும் அதே. "கழட்டி உள்ள பாத்துடலாம்" என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தான். நான் பாய்ந்து, "வேண்டாம்டா, பிம் திட்டுவா" என்றேன். "கடல் தாண்டியிருக்கிற பொண்ணுக்கு இவ்வளவு பயப்படற ஒரே அப்பன் நீதான்டா" என்றான்.

மூன்றாம் நாள்தான் வேடிக்கை. மீட்டரில் எண் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது. மூன்று புள்ளி நான்கு, மூன்று புள்ளி ஒன்பது, மறுபடி மூன்று புள்ளி ஆறு. "ஆவி பூந்திருக்கு, சாமியாரைக் கூப்பிடு" என்று கம்போன் இரண்டடி தள்ளி நின்றான். அப்போது சேவல் கூவியது. எண் துள்ளியது. இருவரும் சேவலைப் பார்த்தோம். அது திரும்பக் கூவியது, எண் திரும்பத் துள்ளியது. கம்போன் தொடையில் தட்டிக்கொண்டான். "அடச்சே! சத்தம் பட்டா ஸ்பீக்கரோட தாள் அசையும், தாள் அசைஞ்சா காயில் அசையும், அதுல துளி கரண்ட் பிறக்கும். மீட்டர் அதைப் பாத்துக் குழம்புது. நீ வாயை மூடு, சரியா காட்டும்." மீட்டரை என்னிடமே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான்.

பிற்பகலில் தூறல் பிடித்தது. நான் தனியாக அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தகரத்தில் மழை விழ, எண்கள் மெல்ல மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கின. வயலுக்கு அப்பால் கோயில் முரசு ஒலித்தது. அது எனக்குக் கேட்பதற்கு முன்பே தாளுக்குக் கேட்டதுபோல இருந்தது. தவளை வந்தது, அம்மாவின் உரல் வந்தது, தொலைவில் ஒரு டிராக்டர் வந்து போனது. நான் குனிந்து "பிம்" என்றேன். எண் நடுங்கிவிட்டு அடங்கியது. இன்னொரு முறை சொன்னேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. பேசுவதற்கு மட்டும் செய்ததென்று நான் நினைத்த பொருள், தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அம்மா அடுப்படியில் அழுததைக் கேட்டிருக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததையும் கேட்டிருக்கும்.

பிம், காயில் எதுவும் சாகவில்லை. எனக்கு முதல் நாளே தெரியும்.

போட்டி அன்று காலையில் நீ ஐஸ் வாங்கச் சந்தைக்குப் போனாய். நான் எட்டு ஸ்குரூவைக் கழற்றி, ஊஃபரைத் தூக்கி, பின்னால் இரண்டு காயிலையும் இணைக்கும் சிவப்புக் கம்பி ஒன்றைப் பிடுங்கினேன். விரல் நீளம்தான். மறுபடி முடுக்கிவிட்டுக் கை கழுவினேன். ஜெயித்தால் பாங்காக் கடைக்காரர்கள் உன்னை அழைத்துக்கொள்வார்கள் என்று நீயே சொல்லியிருந்தாய். பாங்காக் தூரம் என்று பயந்தேன். அதனால் உன்னைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்.

கோயில் திடலில் உன் வண்டி புலிபோல உறுமாமல், சளி பிடித்த கன்றுக்குட்டிபோல முனகியது. நீ பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "என் கை சரியில்லப்பா" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "வா, சாப்பிடலாம்."

நேற்றுக் கம்போனிடம் எல்லாம் சொன்னேன். "மூணு நாளா என்னைக் குரங்காட்டம் ஆட வச்சியேடா படுபாவி" என்று கத்தினான். பிறகு சிரித்தான். பிறகு சிரிப்பு நின்று, "எங்கிட்டச் சொல்லிட்ட. அவகிட்ட?" என்றான். தூண்டில் முள் டப்பாவில் இருந்த அந்தக் கம்பியை எடுத்துக் கொடுத்தேன். அவன் மாட்டிவிட்டு மீட்டரை வைத்தான். இருவரும் மூச்சுவிடவில்லை. ஒன்று புள்ளி எட்டு. துளியும் அசையாமல் நின்றது, நீ எழுதிவைத்த அதே எண்.

உன் கை அன்றும் சரியாகத்தான் இருந்தது, மகளே. என் கைதான் சரியில்லை.

கம்போன் போனபிறகு அந்தக் கம்பியைத் திரும்பக் கழற்றினேன். இந்த உறைக்குள் இருக்கிறது, மாட்டவேண்டியது உன் கை. திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, என்னைத் தவிர்த்து அம்மாவிடம் மட்டும் பேசு. ஆனால் கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்கும் முன் இதை ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார். பாங்காக்குக்குப் போனாலும், தோங் கடைக்கு வந்தாலும், அங்கேயே இருந்தாலும் நான் குறுக்கே நிற்கமாட்டேன். உனக்குச் சூடான சோறும் கனவில்லாத தூக்கமும் கிடைக்கட்டும்.

பெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. எட்டு ஸ்குரூவையும் முடுக்காமல் வைத்திருக்கிறேன்.

உன் அப்பா,
புன்லாய்