தாலத்தில் உன் பக்கம்

பாலக்காடு
வெள்ளிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகள் ஷஹ்லாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் உன் தம்பி சிராஜும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீ அந்த நெதர்லாந்துக் குளிரில் சுகமாக இருக்கிறாய் என்று போனில் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன், ஆனாலும் கன்னம் ஒட்டித்தான் இருக்கிறது, அது கேமரா காட்டும் வேலை என்று நீ சொல்வதை நான் நம்புவதாக இல்லை. இங்கே கணவாய்க் காற்று பிடித்துக்கொண்டது, மாடியில் துணி போட்டால் அடுத்த தெருவில் போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. தினமும் போனில் பேசுகிறவள் கடிதம் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். சிராஜின் நிக்காஹ் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, அதை உனக்குக் கூரியரில் அனுப்பும்போது கூட வைக்கத்தான் இது. இன்னொரு காரணமும் உண்டு. நான் போனைக் கையில் எடுத்தாலே உன் அத்தா எங்கிருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேப்பர் படிக்கிற மாதிரி நடிக்கிறார், உன்னோடு பேச மாட்டார், நீ பேசுகிற ஒரு சொல்லையும் விடவும் மாட்டார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் கதையை எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால் எனக்கு வயிறு வெடித்துவிடும், அவ்வளவு நல்ல கதை.

முதலில் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நிக்காஹுக்கு வருவாயா என்று கேட்டதற்கு, பார்க்கலாம்மா என்று சொன்னாய். லீவு கிடைக்கவில்லை என்றிருந்தால் நம்பியிருப்பேன், பார்க்கலாம் என்றதும் புரிந்துவிட்டது, போன ஹஜ்ஜுப் பெருநாள்தான் காரணம். நம் வீட்டில் பெருநாளன்று எல்லாரும் ஒரே பெரிய தட்டான தாலத்தைச் சுற்றித்தானே உட்காருவோம், அத்தா தன் கையால் ஆக்கிய பிரியாணியில் நல்ல துண்டாகப் பொறுக்கி ஒவ்வொருவர் பக்கமும் தள்ளி வைப்பாரே. நீ இறைச்சியோடு பாலும் நெய்யும்கூட விட்டுவிட்டாய் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன், அவர் அதை ஏதோ காய்ச்சல் பத்தியம் என்று நினைத்துக்கொண்டார், தானாகச் சரியாகிவிடும் என்று. உன் பக்கம் தள்ளினார், நீ திருப்பித் தள்ளினாய், மறுபடி தள்ளினார். நீ எழுந்து போய் வேறு தட்டில் வெறும் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தாய், மாமிமார் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அத்தா அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துபோனது நீ இறைச்சி தின்னவில்லை என்பதற்காக இல்லை ஷஹ்லா, அந்தத் தனித் தட்டுக்காக. அவரும் அதைச் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு, நடுவில் கிடந்து அல்லாடுவது நான்.

இப்போது கதைக்கு வருகிறேன். நீ போகும்போது மேஜையில் விட்டுப்போனாயே, காலநிலை மாற்றம் பற்றிய தமிழ்ப் புத்தகம், அது காணாமல் போயிருந்தது. பழைய பேப்பரோடு போய்விட்டது போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அத்தா மீத்தேன் என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, என்ன மீன் வேண்டும் என்று கேட்டேன், முறைத்தார். அடுத்த வாரம் எதிர்வீட்டு நாச்சம்மாள் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு போனபோது, போலீஸ்காரர் திருடனைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் சிராஜ்தான் கண்டுபிடித்தான், புத்தகம் நம் தேயிலைக் கடையில் சாம்பிள் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது, ஆள் வராத நேரத்தில் அத்தா விரல் வைத்துப் படிக்கிறார், அதோடு சண்டையும் போடுகிறார். இந்த மனுசன் நம்ம பாலக்காட்டுல ஒரு மார்ச் மாசம் இருந்திருந்தா இத்தன பக்கம் எழுதியிருக்க மாட்டான், வெயிலு ஏறிப்போச்சுன்னு ஒரே வரியில முடிச்சிருப்பான் என்று சொன்னாராம். ஆனால் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவது பற்றி ஏதோ ஒரு பக்கத்தில் வந்ததும் ஆள் அடங்கிவிட்டார். இதத்தானே நானு காலங்காலமாச் சொல்லீட்டு இருக்கறேன், மூணாறுல பனி அடிச்சா இங்க தூளோட நெறமே மாறுதுன்னு, ஒருத்தன் காதுல வாங்குனானா என்று அவருக்கு ஒரே பெருமை. இப்போது தூள் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் தூளோடு ஒரு பிரசங்கமும் கிடைக்கிறது. வியாபாரம் குறையவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இப்படி இருக்கும்போது போன வாரம் பத்திரிகை வைக்க இடுக்கிப் பக்கம் போனோம். சின்னமுத்து அண்ணனை உனக்கு நினைவிருக்கும், தேயிலை ஃபாக்டரியில் இருந்து அத்தாவுக்குச் சாம்பிள் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தவர், ரிட்டையராகி மூணாறு பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊரில் இருக்கிறார். சிராஜ்தான் வண்டி ஓட்டினான், மலை ஏறும்போது அத்தா ஒவ்வொரு வளைவிலும் மண் சரிந்த இடங்களைக் காட்டிக் காட்டிப் பாடம் நடத்தியதில் அவனுக்கு வாந்தி வராதது பெரிய காரியம். சின்னமுத்து அண்ணன் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாப்பாடு எம்மக கடையிலதான், மறுபேச்சுப் பேசக் கூடாது என்று எங்களைச் சூரியநெல்லிக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் மகள் செல்வப்பிரியா அங்கே சுற்றுலா வருகிறவர்களுக்காக ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள், நாலு பக்கமும் தேயிலை, மேஜையெல்லாம் வெயிலில். வாசல் போர்டில் என்னவோ எழுதியிருந்தது, நானும் சிராஜும் நின்று படிக்கவில்லை, அத்தாதான் கண்ணாடியை வண்டியிலேயே விட்டுவிட்டாரே. வெளியூரில் சாப்பிட்டால் அவர் வழக்கம் உனக்குத் தெரியும், ஹலால் தெரியாத இடத்தில் காய்கறிதான், அப்படியே சொல்லியும் வைத்தார். தனித்தனித் தட்டு வேண்டாம்மா, பெருசா ஒண்ணு குடு, எல்லாருமா உக்காந்துக்கறோம் என்றும் கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் இலையை விரித்து, சீரகச்சம்பாச் சோறும் கறுப்பாக மிளகு போட்டு வறுத்த சுக்காவும் கொண்டுவந்து வைத்தாள்.

அத்தா ஒரு வாய் வைத்தார். மென்றார். மெல்லுவது நின்றுபோனது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணை உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார், கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ரஸியா, இது ஆடு, ஆரு அறுத்ததுன்னு கேளு என்றார். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது, அப்படி நார் நாராகப் பிரிந்து வந்தது, சூடு மசாலா வாசமும் அப்படியே. செல்வப்பிரியாவுக்கு விஷயம் தெரிந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல், அய்யா, ஆட்டுக்கறி இந்த வாசப்படி ஏறுனதே கெடையாது, பாலு நெய்யிகூடக் கெடையாது, சந்தேகமா இருந்தா உள்ள வந்து நீங்களே பாத்துக்கிடுங்க என்றாள். போனாரே! வாயில் ஒதுக்கியதோடு எழுந்து அடுக்களைக்குள்ளேயே போய்விட்டார். அங்கே பிஞ்சுப் பலாக்காய், நம் ஊரில் இடிச்சக்கை என்போமே அதுதான், முள்தோல் சீவிப் பாதி நறுக்கிக் கிடந்திருக்கிறது. நம்பாமல் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்திருக்கிறார், பால் வடிந்து விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவள் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தப் பிசின் போயிற்று. வெளியே வந்தபோது உன் அத்தாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு, சக்கை ரஸியா, வெறும் சக்கை, நம்மள ஏமாத்திப்போட்டாங்க பாரு என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். பக்கத்து மேஜை வெள்ளைக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள்.

அப்புறம் சாப்பிட்டோம் பார், அப்படி ஒரு சாப்பாடு. வாழைப்பூ வடை, மரவள்ளிக்கிழங்கு மசித்ததோடு காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையல், தேங்காய்ப் பாலில் அடைப் பாயசம். சிராஜ் பாயசத்தைக் குடிக்கவில்லை, அதில் குளித்தான். முந்திரிப் பாலில் டீ போட்டுத் தரட்டுமா என்று செல்வப்பிரியா கேட்டபோது மட்டும் அத்தா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார், தேயிலை வியாபாரி அல்லவா. ஒரு சுலைமானி போதும்மா என்றார். எலுமிச்சை பிழிந்த சுலைமானி வந்தது, ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். இதுல பாலும் இல்ல, ஒண்ணும் இல்ல, பிரியாணி தின்னுட்டு நாம காலமெல்லாம் குடிக்கறது இதத்தானே, அப்ப புள்ள கேட்டது அப்படி என்ன ஊருல இல்லாததையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன், எனக்கும் நடிக்கத் தெரியும்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பேச்சு சுவாரசியத்தில் தன்னை அறியாமல், அத்தா வழக்கம்போலத் துண்டு பொறுக்கினார். சின்னமுத்து அண்ணன் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று, சிராஜ் பக்கம் ஒன்று. பிறகு இருந்ததிலேயே நல்லதாக, மிளகு நன்றாகப் பிடித்த துண்டாக ஒன்றை எடுத்து அவருக்கும் சிராஜுக்கும் நடுவில் இருந்த ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். அங்கே யாரும் இல்லை. தள்ளி வைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது, கை அப்படியே நின்றுவிட்டது. சிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். சின்னமுத்து அண்ணன் மட்டும் மெதுவாக, பிள்ள எந்த ஊர்ல இருக்குன்னு சொன்னீக என்று கேட்டார். அத்தா உன் ஊர்ப் பெயரைச் சொன்னார், தெளிவாக, தப்பில்லாமல். இத்தனை நாள் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது, காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. நிக்காஹ் விருந்துக்கு ஆட்டு பிரியாணி வேகிற பெரிய செம்போடு ஒரு சக்கை பிரியாணிச் செம்பும் உண்டு, சமைக்கிற பண்டாரியைக் கூப்பிட்டுச் சொல்லியாகிவிட்டது, ஒரு செம்புக் கரண்டியை மற்றதில் போட்டால் அப்படியே ஊட்டுக்குப் போயிர வேண்டியதுதான் என்று மிரட்டியும் ஆகிவிட்டது. நல்ல பிஞ்சாகப் பார்த்து செல்வப்பிரியாவின் வீட்டுக்காரர் ஜீப்பில் கொண்டுவந்து தருகிறேன் என்றிருக்கிறார். புதுநகரத்துச் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்று நான்தான் பயந்தேன், கல்யாணப் பெண்ணே போன் பண்ணி, மாமி, எனக்கும் அந்தச் சக்கை பிரியாணி வேணும் என்கிறாள், நல்ல பெண், உனக்குப் பிடிக்கும். விமானத்தில் ஏறினால் எவ்வளவு புகை என்று நீ கணக்குப் பார்ப்பாய் என்பதும் அத்தாவுக்குத் தெரியும், அந்தப் பக்கத்தையும் படித்துவிட்டார். அதற்கும் அவரே ஒரு வழி வைத்திருக்கிறார். அடிக்கடி வர வேண்டாம், வந்தால் ஓடிப்போகக் கூடாது, மழை தொடங்குகிற வரை இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே பார்க்கிற வேலையைக் கம்ப்யூட்டரில் இங்கிருந்தே பார்க்கட்டும் என்கிறார். என்னிடம்தான் சொல்கிறார், ஆனால் யாருக்காகச் சொல்கிறார் என்று சுவருக்குக்கூடத் தெரியும்.

இன்று ஜும்ஆ முடிந்து வந்ததும் ஒத்திகை என்று சொல்லிச் சட்டையைக் கழற்றிவிட்டு அடுப்படியில் நின்றார். நெய் டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டு, தேங்காய் எண்ணெயில் வெங்காயத்தைப் பொன்னாக வறுத்து, தயிருக்குப் பதில் முந்திரியை அரைத்து ஊற்றி, தம் போட்டு, மூடியைத் திறந்தபோது தெருவே எட்டிப் பார்த்தது. முதல் தடவை, சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது, அதை நான் சொல்லியிருக்கக் கூடாது, இப்போது என்னிடம் பேசவில்லை. பெருநாள் தாலத்தை எடுத்து வைத்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். இந்தத் தடவை தெரிந்தே செய்தார், நல்ல துண்டை உன் பக்கம் தள்ளி வைத்தார். சிராஜ் கை நீட்டினான், ஒரு அடி விழுந்தது, அது ஷஹ்லாவோடது என்றார். சாப்பிட்டு எழுந்த பிறகும் அது அங்கேயே இருந்தது. சோற்றை வீணாக்கக் கூடாதே என்று கடைசியில் நான்தான் எடுத்துத் தின்றேன். உன் பங்கையெல்லாம் எவ்வளவு நாளைக்கு நான் தின்றுகொண்டிருப்பது? சுகர் வேறு இருக்கிறது எனக்கு. வந்து உன் துண்டை நீயே எடுத்துக்கொள்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, பால் விட்டவள் எலும்புக்கு என்ன தின்ன வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எனக்கு எழுது, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் சுகத்தையும் நல்ல மனசையும் தரட்டும், எங்கிருந்தாலும் அவன் காவலில் இரு. நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாவது ஞாயிறு நிக்காஹ், மறந்துவிடாதே, இதற்கு பார்க்கலாம் என்று பதில் வரக் கூடாது.

உன் வரவுக்கு வாசலையே பார்த்திருக்கும்
அம்மா,
ரஸியா

ஒட்டப் போகும்போது அத்தா பார்த்துவிட்டார். பிடுங்கிப் படித்தார். பேனாவை வாங்கி அவர் எழுதியது கீழே:

சோறு குழையவில்லை, உன் அம்மாவுக்கு நாக்கு சரியில்லை. நெய் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. தனித் தட்டு வேண்டாம் மகளே, நிக்காஹ் அன்றைக்கு நான் உன் தாலத்தில் உட்காருகிறேன். வா. – அத்தா