ஆளுக்கு ஒரு கிளிக்

2006 ஜூன் 3, நோர்வூட்

இன்று 12 படம். மொத்தம் 6,218.

இந்த டிஜிட்டல் கமராவை விற்ற கொழும்புக் கடைக்காரர், ஐம்பதாயிரம் படம்தான் உழைக்கும், பிறகு உள்ளே ஷட்டர் தேய்ந்துவிடும் என்றார். எதிர் ஸ்டூடியோ கணேசமூர்த்தி மூன்றே வருஷம் என்கிறான். போடா! பத்து வருஷம் ஓட்டிக் காட்டுகிறேன். ஆளுக்கு ஒரு கிளிக். பின்னால் இருக்கும் திரையையும் அணைத்தே வைத்திருக்கிறேன். பதினைந்து வருஷம் ஃபிலிமில் எடுத்த கைக்குத் திரை எதற்கு?

ஜூலை 19

மழை விட்டபாடில்லை. ஈரத்தில் கமராவுக்குப் பூஞ்சணம் பிடிக்குமாம். எனக்கென்ன பயம்? தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிற என் வீட்டுக்காரருக்கு அங்கே கொடுத்த, மாவு மாதிரியான டஸ்ட் தேயிலையை பிஸ்கட் டின்னில் கொட்டி, துணியில் சுற்றிய கமராவை அதற்குள் புதைத்து மூடினேன். தேயிலையைப் போல ஈரம் இழுக்கிற சாமான் எது? இந்த மூளை கொழும்பில் ஒருத்தனுக்கும் வராது.

ஆகஸ்ட் 24

சரோஜாதேவி டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டப் பாடசாலைக்குக் கூப்பிட்டார். டிசம்பரில் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம். 38 பிள்ளைகள், 38 கிளிக். கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமியின் மகள் தனுஜா, "அக்கா, கண்ண மூடிட்டேன் போல. இன்னொன்னு எடுங்க" என்றாள். "எனக்குத் தெரியும், எந்திரிடி" என்று அடுத்த பிள்ளையை உட்கார வைத்தேன்.

ஆகஸ்ட் 26

ஹட்டனில் பிரிண்ட் போட்டேன். தனுஜாவுக்குக் கண் சொருகித்தான் இருக்கிறது. சின்னக் கண்தானே என்று உறையில் போட்டு அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 10

தனுஜாவின் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. கண் மூடிய படம் செல்லாதாம்.

டீச்சர் ஃபோனில் சொன்னார்: "நாளைக்கு விடிய நான் கொழும்புக்குப் போறன், அட்டை ஒஃபீசில கையோட குடுத்திடுவன். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள படம் வேணும். அட்டை இல்லாட்டிச் சோதினைக்கு உள்ளுக்க விடமாட்டினம், அழகம்மா."

அந்த லயத்து வீடுகளில் ஓ.எல். வரை வந்த முதல் பெண் பிள்ளை. உடனே அவளைக் கடைக்கு வரச் சொன்னேன்.

தனுஜா வந்து உட்கார்ந்தாள். கமரா சுவிட்சைப் போட்டேன். லென்ஸ் பாதி நீண்டு, கரகரவென்று நின்றது. கொஞ்ச நாளாகவே அந்தச் சத்தம். நான்தான் காதில் வாங்கவில்லை. கிட்டே வைத்துப் பார்த்தால் — தேயிலைத் தூள்! இடுக்கு முழுக்க! ஊதினேன், தட்டினேன். ம்ஹும். எட்டாயிரம் படம்கூட ஆகலியே. ஐயோ, நானே கொன்னுட்டேனே!

வேறு வழி? பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனேன். கணேசமூர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தேயிலைக்குள்ளயா வச்சீங்க? அப்ப சீனியும் போட்டுருக்கலாமே!" ஆனால் தனுஜாவை உட்கார வைத்து, பதினொரு தடவை கிளிக். ஒவ்வொன்றையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான்.

"போதும்டா, தேஞ்சிரும்" — என் வாய் தானாகச் சொன்னது.

"தேயட்டுங்க்கா. அதுக்குத்தானே வாங்கினோம்."

வெட்கமாக இருந்தது. எழுதும்போதும் இருக்கிறது.

நவம்பர் 2

ஹட்டனில் கமராவைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார்கள். ஓடுகிறது.

டிசம்பர் 11

இன்று பரீட்சை. பரீட்சை மண்டப வாசலில் தனுஜா அட்டையைக் காட்டி, "முட்ட முழி முழிக்கிறேன்க்கா, அசிங்கமா இருக்கு" என்று முகம் சுளித்தாள். "பேசாம உள்ள போடி" என்றேன். அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்காதது என் தப்பு என்பதையும் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அரை நாள் பெயரும் கூலியும் போனாலும் பரவாயில்லை என்று நாகலெட்சுமியும் வந்திருந்தாள். திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, என்னையும் ஒரு படம் எடுப்பீங்களா? எனக்கும் கார்டு போடணும்."

முப்பத்தெட்டு வயது. இதுவரை அவளுக்கு அடையாள அட்டை இல்லை.

கடையைத் திறந்து உட்கார வைத்தேன். ஏழாவது படத்தில்தான் தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்தாள். இன்னும் இரண்டு எடுத்தேன்.