எட்டும் உயரம்

முத்தாபுதுப்பேட்டை, ஆவடி
3 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கவேண்டும். உங்கள் ராணுவ மலை முகாமில் போன் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் நம்மைப் பேச விடுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பைக்கை எடுத்து ஓட்டத் தொடங்கிவிட்டேன். ஆஸ்பத்திரி வேன் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். காலை டியூட்டிக்கு ஆவடி வரை ஷேர் ஆட்டோ, பூந்தமல்லிக்கு ஒரு பஸ், காட்டுப்பாக்கத்துக்கு இன்னொரு பஸ். லேபில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு எனக்காகக் காத்திருக்கிறார்கள். வீட்டிலோ கவர் போட்டு ஒரு வண்டி சும்மா நிற்கிறது.

கியர் வண்டி எனக்குப் புதிதல்ல. உயரம்தான் தடை. கல்யாணமான புதிதில் என்னை அதன்மேல் உட்காரவைத்து, கால் தரையில் படாமல் ஆடுவதைப் பார்த்துச் சிரித்தீர்கள். இப்போது பாதம் முழுதாகப் படுகிறது. பூந்தமல்லியில் ஜுல்ஃபிகர் என்ற மெக்கானிக்கிடம் கொடுத்துப் பின் சஸ்பென்ஷனை இறக்கிவிட்டேன். சைடு ஸ்டாண்டையும் கொஞ்சம் வெட்டவேண்டியிருந்தது.

சொல்லாமல் செய்ததாக இருக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

உங்கள்
மோகனப்பிரியா


17 ஜூன் 2024

அன்பு பிரியாவுக்கு,

கடிதத்தைப் பாதி படித்துவிட்டு மடித்து வைத்தேன். சாப்பிட்ட பிறகுதான் மீதியைப் படிக்க முடிந்தது.

பின்னால் மட்டும் இறக்கினால் என்ன ஆகும் என்று யாராவது உனக்குச் சொன்னார்களா? முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். வளைவில் நீ திருப்புகிற இடத்தில் திரும்பாமல் வெளியே இழுத்துக்கொண்டு போகும். அந்த வண்டியைச் செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை.

உடனே பழையபடி ஏற்றிவிடு. அம்பத்தூரிலிருந்து தம்பி வெங்கட்டை வரச் சொல்லியிருக்கிறேன். சாவியை அவனிடம் கொடு. உன்மேல் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறேன்.

தேவராஜ்


1 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னது சரி. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அது எனக்குத் தெரிந்துபோனது. பருத்திப்பட்டு வளைவில் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. எதிரே தண்ணீர் லாரி. பிரேக் பிடித்து மண்ணில் சரிந்தேன். முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

இதை மறைத்திருக்கலாம். மறைக்கமாட்டேன். ஆனால் இதற்காக ஓட்டுவதை நிறுத்தவும் மாட்டேன்.

மறுநாளே ஜுல்ஃபிகரிடம் போய், ஏன் முன்பக்கத்தைத் தொடவில்லை என்று சண்டை போட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, முன் ஃபோர்க்கையும் அதே அளவுக்கு இறக்கிக் கொடுத்தார். "இப்ப லெவலா கீதுக்கா. ஆனா முன்ன மாரி சாய்ச்சு வளைக்காத. ஃபுட்ரெஸ்ட் ரோட்ல ஒரசும்" என்றார்.

இப்போது நான் பார்க்கிற பக்கம் வண்டி திரும்புகிறது. பள்ளத்தில் இடிக்கிறது, வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குகிறேன். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறேன். இதெல்லாம் நஷ்டம்தான். தெரிந்தே ஏற்றுக்கொண்ட நஷ்டம்.

வெங்கட் வந்தார். காபி கொடுத்தேன். சாவி கொடுக்கவில்லை.

உங்கள்
மோகனப்பிரியா


15 ஜூலை 2024

பிரியா,

நீ விழுந்ததைக் கடிதத்தில் படிக்கும் கொடுமை உனக்குப் புரியாது.

வேறொன்றும் சொல்லவேண்டும். இங்கே என்னுடையது என்று எதுவும் இல்லை. உடுப்பு அவர்களுடையது, கட்டில் அவர்களுடையது. லீவில் வந்து அந்த வண்டியை எடுப்பேன் என்று நினைத்துக்கொண்டுதான் பல நாட்கள் போகின்றன. அதை ஒரு வார்த்தை கேட்காமல் உன் அளவுக்கு வெட்டிவிட்டாய்.

இன்னொரு சாவி அம்மாவிடம் இருக்கிறது. வெங்கட் அதை வாங்கிக்கொண்டு வந்து வண்டியை அம்பத்தூருக்கு எடுத்துப் போவான். தடுக்காதே.

தேவராஜ்


5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இதற்குள் உங்களுக்குச் செய்தி வந்திருக்கும். என் பக்கத்தையும் கேளுங்கள்.

நான் கடைக்குப் போயிருந்தபோது வெங்கட் வண்டியை எடுத்துப் போயிருக்கிறார். நீங்கள் வைத்திருந்த உயரத்தில் ஓட்டிய பழக்கம். ஆவடி மேம்பாலம் இறங்கும் வளைவில் வேகமாகச் சாய்த்திருக்கிறார். ஃபுட்ரெஸ்ட் தரையில் உரச, பயந்து நிமிர்த்தி, சுவரில் மோதி விழுந்துவிட்டார். தோள்பட்டை எலும்பில் விரிசல். பயப்படவேண்டாம், கூடிவிடும் என்கிறார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். கண் விழித்ததும், "இன்னா அண்ணி வண்டி இது, சாயவே உட மாட்டுது" என்றார். "என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றேன்.

நான் வண்டியை இறக்கியதுதான் காரணம் என்று உங்கள் வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள். அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். மாற்றிய வண்டி என்று தெரிந்தும், அதை ஓட்டுகிறவளை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப் போனது யார்? எடுக்கச் சொன்னது யார்?

உங்களை நான் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை. உங்களுக்கு அங்கே எதுவும் இல்லை என்பதைப் படித்து அழுதேன். ஆனால் வருஷத்தில் ஒரு மாதம் நீங்கள் ஏறுவதற்காக, மீதி மாதமெல்லாம் நான் பஸ் ஸ்டாப்பில் நிற்கவேண்டும் என்றால், அது அன்பில்லை மாமா.

வளைந்த ஹேண்டில்பாரை மாற்றி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பூட்டையும் மாற்றிவிட்டேன். இரண்டு சாவியும் என்னிடம் இருக்கின்றன.

உங்கள்
மோகனப்பிரியா


22 செப்டம்பர் 2024

அன்பு பிரியாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. வெங்கட் போனில் எல்லாம் சொன்னான். தப்பு தன்னுடையது என்றான். அதைக் கேட்டதும் எனக்கு உன்மேல் கோபம் இன்னும் அதிகமானது. பிறகு யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை.

லீவு கிடைத்துவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன். ஒரு யோசனை. நான் இருக்கும் வரைக்கும் வண்டியைப் பழைய உயரத்துக்கு ஏற்றிக்கொள்வோம். நான் கிளம்பும்போது உனக்காக இறக்கிக்கொடுத்துவிட்டே போகிறேன். இது நியாயம்தானே?

தேவராஜ்


4 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் வருகிற செய்தி படித்து அன்றைக்கு லேபில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

யோசனை நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் இருக்கும் அந்த மாதமும் எனக்கு டியூட்டி உண்டு. அதனால் ஏற்றமாட்டேன்.

நீங்கள் ஓட்டலாம். முட்டி மடங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த வளைவில் எவ்வளவு சாய்க்கலாம் என்று நான் காட்டித் தருகிறேன். அதுவரை பின்னால் உட்காருங்கள்.

ஆவடி ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். இரண்டு பேர் ஏறினால் இப்போது பின்பக்கம் ஒரேயடியாக அமுங்கி, டயர் மட்கார்டில் இடிக்கும். அதற்கு முன்கூட்டியே ஸ்பிரிங்கை இறுக்கிவைக்கவேண்டும். எவ்வளவு இறுக்குவது என்று தெரிய உங்கள் எடை வேண்டும். மலைச் சாப்பாட்டில் இளைத்தீர்களோ பெருத்தீர்களோ, எனக்குத் தெரியாது.

சம்மதம் என்றால் எடையை எழுதுங்கள். இல்லையென்றால் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ நிற்கும்.

உங்கள்
மோகனப்பிரியா


16 அக்டோபர் 2024

பிரியாவுக்கு,

எழுபத்தாறு கிலோ. முதுகுப் பையோடு தொண்ணூறு வரும்.

நன்றாக இறுக்கி வை.

உன்
தேவராஜ்