இரும்பு மாத்திரைக்கு முன்பே கறுத்தது

என் தங்கமான அக்காவுக்கு,

நீ இரத்தம் இல்லாமல் செத்தாய் என்றுதான் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். இல்லை அக்கா, இரத்தம் கட்டித்தான் நீ போனாய்.

இதயத்தில் செயற்கை வால்வு வைத்த நாளிலிருந்து, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாய். மலை ஏற முடியவில்லை, மலம் கறுப்பாகப் போகிறது என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கே இருந்தவர் உன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். “தோட்டத்துப் பொம்பளைங்க எல்லாத்துக்கும் இரத்தம் கொறைவுதாம்மா” என்றார். கதவோரம் ஒதுங்கி நின்ற என்னிடம், “நீ படிச்ச பிள்ளதானே, அக்காவுக்குக் கீரை ஆக்கிக் குடு” என்றார். இரும்பு மாத்திரை கொடுத்தார்.

அந்த மாத்திரை போட்டால் யாருக்கும் மலம் கறுக்கும். அதன்பிறகு நீ எங்கே போய்ச் சொன்னாலும் ஒரே பதில்: “அது மாத்திரையால.” மாத்திரைக்கு முன்பே கறுத்ததே! எது முதலில் என்று ஒருவராவது கேட்டார்களா?

நீ மயங்கி விழுந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரி. இரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், கீழ் வழியாகவும் பார்த்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை. உறையாமலிருக்க எடுக்கும் மருந்துதான் காரணம் என்று முடித்துவிட்டார்கள். மருந்தால் கசிவு கூடலாம். ஆனால் கசிய ஓர் இடம் வேண்டாமா? இரண்டு குழாயும் எட்டாத சிறுகுடல் நடுவில் அவ்வளவு நீளத்துக்குக் கிடக்கிறதே, அதை யார் பார்ப்பது?

ஓர் இளம் டொக்டர் மட்டும் விழுங்குகிற கெமரா பற்றிச் சொன்னார். அதற்குக் கொழும்புக்குப் போகவேண்டும். நீ என் காதில், “உள்ளுக்குள்ள படம் எடுக்குமாம்டி. நல்லாச் சாப்பிட்டுட்டுப் போவோம், இல்லாட்டித் தோட்டத்து மானம் போயிரும்” என்றாய். ஆஸ்பத்திரி வாட்டில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த நாள் வரவேயில்லை. வால்வு மருந்தை நிறுத்தச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்ப எப்போது தொடங்குவது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணி உன் பெயரைக் கூப்பிட்டார். பதில் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. வால்வில் கட்டிய இரத்தம் மூளைக்குப் போயிருந்தது.

இப்போது, உன்னோடு கொழுந்து எடுத்த கமலா அத்தைக்கும் அதே கறுப்பு. அவரும் உன்னைப் போல இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்தான். அவரோடு பதுளை ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். குழாய் விட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒன்றுமில்லை. “இரும்பு மாத்திரை போடுறாங்களா?” என்று டொக்டர் கேட்டார். இந்த முறை நான் பேசினேன்.

“அதுக்கு முன்னாலயே கறுப்பாப் போச்சு டொக்டர். நடுக்குடலப் பாக்கணும். மருந்த நிறுத்துறீங்கன்னா, எப்பத் தொடங்கணும்னு எழுதிக் குடுங்க.”

“நீங்க நர்ஸா?”

“இல்ல. எங்கக்கா செத்துட்டா.”

அவர் கெமராவுக்குக் கொழும்புக்கு ஒரு கடிதமும், மருந்து திரும்பத் தொடங்கும் நாளும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அத்தை, “அடியாத்தி, ஒனக்கும் வாய் இருக்கா!” என்றார். உனக்காகத் திறந்திருக்கவேண்டிய வாய்களை நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

கொழும்புக்கு அத்தையை நானே கூட்டிக்கொண்டு போவேன். அந்தக் கெமரா எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்வரை நகரமாட்டேன். வெறும் வயிற்றோடுதான் விழுங்க வேண்டுமாம், அக்கா. தோட்டத்து மானம் போனால் போகட்டும்.

இனிக் கதவோரம் நிற்காத,
உன் தங்கச்சி