ரெண்டாவது கையெழுத்து

மார்ச் 3, செவ்வாய்
ஐ.சி.யு.வில் பகல் ட்யூட்டி. ஆறு பெட்டுக்கு நர்ஸ் நானும் ரூபி அக்காவும் மட்டும். மூணாம் பெட்டில் பேச்சிமுத்து, வேடசந்தூர் மில் தொழிலாளி, வயசு நாற்பத்தி நாலு. பெரிய ஹார்ட் அட்டாக். நார்அட்ரினலின் மருந்துதான் அவர் பிரஷரை விழாமல் பிடித்து வைத்திருக்கிறது. சிரிஞ்ச் பம்ப்பில் துளித்துளியாக ஏறுகிறது. அவர் மனைவி பெருமாயி கதவுக் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. "கண்ணு முழிச்சாரா தாயி?"
முழித்தார். தண்ணி கேட்டார்.

மார்ச் 4
பிரஷர் நூறு. மருந்தைக் குறைக்கலாம் என்றார் டாக்டர். ஓடிப்போய்ப் பெருமாயிக்காவிடம் சொன்னேன். சிரித்தார்.

மார்ச் 5
எப்படி எழுதுறது.
பதினொரு மணிக்கு மூணாம் பெட்டுக்குப் புது சிரிஞ்ச், ரூபி அக்கா மாட்டினாங்க. ஒருத்தர் மாட்டினால் இன்னொருத்தர் மருந்து, அளவு, பம்ப் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடணும். அந்நேரம் அஞ்சாம் பெட்டுக்காரருக்கு மூச்சு இழுத்தது. "நான் பாத்துட்டேன் லிடியா, நீ கையெழுத்தப் போட்டுட்டு வா"ன்னாங்க ரூபி அக்கா. போட்டேன். பாக்கல. ரெண்டு பேரும் அஞ்சாம் பெட்டுக்கு ஓடினோம்.
மணிக்கு நாலு மில்லி ஓட வேண்டிய பம்ப்பில் நாப்பது.
அலாரம் கேட்டுத் திரும்பினால் பிரஷர் இருநூத்தி அறுபது. நிறுத்தினோம். அதுக்குள்ள ஒரு கண்ணின் பாப்பா விரிஞ்சிருச்சு. ஸ்கேனில் மூளைக்குள் ரத்தம்.
கர்த்தாவே, ஒரு எண்ணுதானே. ஏன் பாக்கல நான்?

மார்ச் 6
மதியம் இரண்டு பத்துக்கு இறந்துவிட்டார்.
நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் படித்துவிட்டு மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். "அட்டாக்ல போனவருன்னே இருக்கட்டும். ரூபிக்கு ரெண்டு பிள்ளைக."

மார்ச் 7
சாப்பிடல. தூங்கல.

மார்ச் 9
வேடசந்தூர் போனேன். பெருமாயிக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்களிடம், "இந்தப் பிள்ளதான் அவர அம்புட்டு நல்லா பாத்துக்கிச்சு" என்றார்.
"அக்கா, மருந்து அளவு தப்பாப் போச்சு. அதுலதான் அவரு போயிட்டாரு. நானும் பாக்காமக் கையெழுத்துப் போட்டேன்."
கையை விட்டார்.

ஏப்ரல் 20, திங்கள்
என்னை ஓ.பி.க்கு மாற்றிப் பத்து நாள் ஆகிறது. மில்லில் கொடுக்க மருத்துவமனைப் பேப்பர் வேணுமென்று பெருமாயிக்கா வந்தார். புகார் கொடுத்திருப்பார் என்று இருந்தேன். "இவங்களோட யாரு மல்லுக்கட்ட" என்றார். பிறகு மெதுவாக:
"எதுக்குத் தாயி அன்னைக்கி வந்து சொன்ன? சொல்லாட்டி, அவரு ஆயுசு அம்புட்டுதான்னு கெடந்திருப்பேன்."
பேப்பரை நீட்டினேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். வரிசையில் பதினேழு பேர் நின்றார்கள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.